மறைப்பும் மெய்ப்பும்

கணினியில் புகைப்படத்தின் ஒரு பகுதியைத் தேர்வு செய்தால், அத்தேர்வே ‘மாஸ்க்’ என்னும் மறைப்பாகிறது. பொதுவாக அதில் புள்ளிதோறும் 0 முதல் 255 வரை ஓர் எண் உண்டு. 0 எனில் மேற்படம் மறையும். 255 எனில் முழுதும் தெரியும். இடைப்பட்ட எண்களில் இரு படங்களும் கலக்கும்.

2015 டிசம்பரில், சென்னை வெள்ளத்தைப் பிரதமர் வானிலிருந்து பார்வையிட்ட படத்தைப் பத்திரிகை தகவல் அலுவலகம் வெளியிட்டது. அதில் சன்னலுக்குள் வேறொரு படம் பொருத்தப்பட்டிருந்தது. விளிம்பை எவ்வளவு நுட்பமாக வெட்டினாலும் ஒளி காட்டிக்கொடுத்துவிடும். மழைமேகக் காற்றிலுள்ள நீர்த்துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால் தொலைவுக் காட்சி மங்க வேண்டும். பொருத்திய காட்சியோ பளிச்சென்றிருந்தது. கண்டனம் எழவே, அலுவலகம் படத்தை நீக்கி வருத்தம் தெரிவித்தது.

சன்னற் பகுதியை மட்டும் தேர்ந்து தெளிவாக்கியிருந்தால் அது திருத்தம். வேறு காட்சியை வைத்தது புனைவு. கருவி ஒன்றுதான், செயல்கள் வேறு.