முதற் திரைக்கதையும் வழிநூல் இலக்கணமும்

மாஸ்கோ திரைப்படக் கல்லூரி மாணாக்கரான தர்கோவ்ஸ்கி 1956இல் உடன்பயின்றார் இருவரொடு இயற்றிய முதற் குறும்படம் ‘கொலையாளிகள்’. எமிங்வே 1927இல் வெளியிட்ட சிறுகதையே அதன் முதனூல். அக்கதை பெரிதும் உரையாடலால் இயன்றது. திரைக்கதை யாப்போர்க்கு இஃது எளிமை போலத் தோன்றினும் உண்மையில் இடரேயாம். சொல் முன்னரே நிரம்பியவிடத்துப் படத்திற்கே உரியது யாதெனத் திருத்துவோன் தேடல் வேண்டும். இம்மாணாக்கர் கண்டது ஒரு சீழ்க்கை! கொலைஞர் காத்திருக்கும் உணவுச்சாலைக்குள் தர்கோவ்ஸ்கியே உண்ண வருவோனாய்ப் புகுந்து, 1952இல் தோன்றிய ஜாஸ் மெட்டொன்றைச் சீழ்க்கையடிக்கிறார். முதனூலில் இஃது இல்லை, இருத்தலும் இயலாது. ஒன்றுமறியாதான் எழுப்பும் அவ்வொலியே அச்சத்தை மிகுவிக்கின்றது. வழிநூலில் பின்னோன் வேண்டும் வேறுபாட்டிற்கு இடந்தந்த நன்னூலார் இதனை உடன்படுவர் என்பது எம் துணிபு. ஆயின், சாவை எதிர்நோக்கிக் கிடக்கும் ஆண்ட்ரசனின் அறையில் மீண்டும் கதையின் பேச்சையே நம்பிவிட்டனர். ஆண்டும் ஒரு திருத்தம் வேண்டியிருந்தது.