கூட்டலும் கழித்தலும்: தொடக்கநிலைச் செய்நிரலொன்றின் அமைப்புப் பற்றிச் சில குறிப்புகள்

கணனிச் செய்நிரலும் ஒரு பிரதியே. 1974இல் கெர்னிகன், பிளாகர் என்னும் இருவர், பாடநூல்களில் அச்சேறியிருந்த செய்நிரல்களையே எடுத்துக் குறைகண்டு, திருத்தியெழுதி, நடை பற்றிய நூலொன்றை வெளியிட்டனர். திறனாய்வாளருக்குப் பழக்கமான இம்முயற்சியை, மாணவர் முதன்முதலில் எழுதும் கணிப்பான் செய்நிரலிலே நாமும் செய்து பார்க்கலாம்.

பைதன் மொழிப் பயிற்சிகளில் அதன் வடிவம் பெரும்பாலும் ஒன்றே. பயனாளரிடம் இரண்டு எண்களும் ஒரு குறியும் கேட்கப்படும். பின்னர் நிபந்தனைக் கிளைகள் நான்கு. ஒவ்வொரு கிளையினுள்ளும் கணித்தலும் விடையை அச்சிடுதலும் பிணைந்து கிடக்கும். வகுக்கும் எண் பூச்சியமாயின் செய்நிரல் இடைநடுவில் முறிந்துவிடும். எண்ணுக்குப் பதிலாக எழுத்தைத் தட்டினாலும் அதே கதிதான். விடை சரியாக வருகின்றதே, வேறென்ன வேண்டும் என்பாரும் உளர். அமைப்பின் குறை, மாற்றம் வேண்டப்படும்போதே வெளிப்படும். அடுக்கேற்றம் என்னும் ஐந்தாவது செய்கையைச் சேர்க்க முற்படும் மாணவர் அச்சிடும் வரியை ஐந்தாம் முறையும் பிரதிபண்ணுகின்றார். தசம தானங்களைக் குறைக்க வேண்டுமெனில் ஐந்து இடங்களிலும் கைவைத்தாக வேண்டும்.

மாறக்கூடிய ஒவ்வொரு தீர்மானத்தையும் ஒரு கூறினுள் மறைத்துவைக்க வேண்டுமென 1972இல் பார்னாஸ் வாதிட்டமை இங்கு மனங்கொள்ளத்தக்கது. வாசிப்பதற்கு ஒரு சார்பு, கணிப்பதற்கு ஒன்று, காட்டுவதற்கு ஒன்று எனப் பிரித்தல் வேண்டும். கணிக்கும் சார்பு எதனையும் கேட்கவோ அச்சிடவோ கூடாது. எண்களை ஏற்று விடையைத் தந்தாற் போதும். குறிகளையும் அவற்றுக்குரிய சார்புகளையும் ஓர் அகராதியில் இணைத்துவிட்டால், அடுக்கேற்றத்துக்கு மேலதிகமாக ஒரு சிறு சார்பும் ஒரு பதிவுமே தேவைப்படும். பூச்சியத்தால் வகுத்தல் கணிக்குமிடத்தில் கண்டறியப்பட்டு, பயனாளருடன் பேசுமிடத்தில் அறிவிக்கப்படல் வேண்டும்.

சிலர் கிளைகள் அனைத்தையும் நீக்கி, தட்டப்பட்ட வரியை 'இவால்' என்னும் கட்டளையிடம் அப்படியே ஒப்படைப்பர். சுருக்கம் கவர்ச்சியானதே. ஆயின் கோப்பை அழிக்கும் கட்டளையைத் தட்டினால் அதுவும் அங்கு இயங்கும். மாணவரோ எதுவும் கற்றிலர். வேறு சிலர் கூட்டலுக்கொரு வகுப்பு, கழித்தலுக்கொரு வகுப்பு என மாளிகை எழுப்புவர். இலக்கிய உலகில் நாம் நன்கறிந்த உருவவாதம்தான் இது.

எனினும் பிரிப்பு நடுநிலையானதன்று. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் மடக்கை அட்டவணைகளை ஆக்குவித்த டி புரோனி, வேலையை மூன்று படிகளாக வகுத்தார். சூத்திரங்களைத் தேர்ந்தோர் ஒருசில கணிதவியலாளர். கீழ்ப்படியிலிருந்த பலர் கூட்டலும் கழித்தலும் மட்டுமே செய்தனர். 1832இல் பபேஜ் இதனை விதந்தெழுதினார். அவரது அந்நூலை மார்க்ஸ் 'மூலதன'த்தில் எடுத்தாண்டுள்ளார். அங்கு கூறுபோடப்பட்டது மனித உழைப்பு. இங்கு கூறுபோடப்படுவது பிரதி. மூன்று படிகளும் ஒரே மாணவரின் கையிலேயே உள்ளன. திருத்திய வடிவத்தைக் கரும்பலகையில் எழுதிப் பார்த்தெழுதச் செய்யும் ஆசிரியர் அவரைக் கீழ்ப்படிக்கே திருப்பியனுப்புகின்றார். குறையுள்ள வடிவத்தையே அவர் முதலில் எழுதட்டும். ஐந்தாவது செய்கையை அதன்பின் கேட்போம். அச்சிடும் வரியை மீண்டும் பிரதிபண்ணும்போது அவர் தாமே சற்று நிறுத்தக்கூடும்.