ரத்தத்தில் தேடும் சோர்வு

எச்.ஐ.வி. உள்ள ஒருவர் மெத்தாம்பெட்டமைனும் எடுத்துக்கொண்டு, அடுத்த நாள்களில் வாடிக் கிடந்தால், ஊர் சொல்லும் தீர்ப்பு ஒன்றுதான்: தானே தேடிக்கொண்டது. அதை அசைத்துப் பார்த்தது உயிரியல். ஆடம் கேரிக்கோவும் சக ஆய்வாளர்களும் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், எச்.ஐ.வி.யை அடக்கும் ஏ.ஆர்.டி. மாத்திரை எடுத்துவருவோரில் ஊக்கப் போதைப்பொருள் பயன்படுத்தியவர்களின் ரத்தத்தில் நியோப்டெரின் கூடியும் டிரிப்டோஃபான் குறைந்தும் இருந்தன. முன்னது, நோயெதிர்ப்பு மண்டலம் ஓயாமல் கொதிப்பதன் அடையாளம்.

டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்தை உடல் தானே செய்துகொள்ளாது. சோற்றோடும் பருப்போடும் வந்தால்தான் உண்டு. மனநிலையோடு தொடர்புள்ள செரடோனினுக்கு மூலப்பொருள் அதுதான். எதிர்ப்பு மண்டலம் விழித்தபடியே இருந்தால், இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞைப் புரதம் ஒரு நொதியை முடுக்கி, டிரிப்டோஃபானைக் கைனுரனின் என்ற வேறொரு பொருளின் பக்கம் திருப்பிவிடும். தலைமடையில் தண்ணீரைத் திருப்பினால் கடைமடை காய்வதுபோலத்தான். திருப்பிவிட்ட அந்த வாய்க்காலில் குயினோலினிக் அமிலமும் உண்டாகும். அளவு மிஞ்சினால் நரம்பணுக்களுக்கு அது நஞ்சு. மெத்தாம்பெட்டமைனோ, டோபமைனை ஒரே மூச்சில் கொட்டவைத்துவிட்டு வறட்சியை விட்டுப்போகும்.

இந்த விளக்கம் நோயாளியின் தலையிலிருந்து பழியை இறக்குகிறது. அதற்காகவே அதை மதிக்கிறேன். ஆனால் ரத்தத்தில் அளந்தது மூளையில் அளந்ததாகாது. போதைப்பொருள் பசியைக் கொல்லும். மூன்று நாள் பட்டினி கிடந்தவருக்கு டிரிப்டோஃபான் குறைய வேறு காரணம் வேண்டாம். மாத்திரை தவறினால் வைரஸ் ஏறும், அதுவும் அதே நொதியைத் தூண்டும். போதாக்குறைக்கு, எச்.ஐ.வி.க்குப் பல ஆண்டுகள் பரவலாகக் கொடுக்கப்பட்ட எஃபாவிரென்ஸ் மாத்திரையே கெட்ட கனவையும் மனச்சோர்வையும் தரக்கூடியது. சோர்வை அளக்கும் கேள்வித்தாளும் தூக்கத்தையும் பசியையும்கூடக் கேட்கிறது. போதை இறங்கும் நாளில் கேட்டால் யார்தான் தேறுவார்?

இதைவிடப் பெரிய குறை, அம்பு ஒரு திசையில் மட்டும் பாயும் என்று நினைப்பது: உடல் கெட்டது, மனம் வாடியது, அவ்வளவுதான் என்று. சான்பிரான்சிஸ்கோவில் மெத் பயன்படுத்திய, எச்.ஐ.வி. உள்ள 110 ஆண்களிடம் நடந்து 2019-ல் வெளியான ஆர்ட்டெமிஸ் ஆய்வு வேறொன்றைக் காட்டியது. சிறுநீர்ச் சோதனையில் போதைப்பொருள் இல்லையென்றால் பரிசு என்ற திட்டம் எல்லோருக்கும் இருந்தது. ஒரு பாதியினருக்கு மட்டும், அன்றன்று நடந்த நல்லதைக் கவனிக்கவும் நன்றியோடு நினைக்கவும் ஐந்து அமர்வுகளில் பயிற்சி தந்தார்கள். பதினைந்தாம் மாதத்திலும் அவர்களின் ரத்தத்தில் வைரஸ் மற்றவர்களைவிடக் குறைவாகவே இருந்தது.