தலைக்கோலும் தலைக்கோலமும்

ஜொகூர் மேடைகளில் பரதமாடும் தமிழ்ச் சிறுமியர் நெற்றிச்சுட்டி, சூரியப்பிறை, சந்திரப்பிறை, ராக்கொடி என்பன அணிந்து தோன்றுகின்றனர். அம்மாநிலத்து இரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய அவர்தம் பாட்டியரோ, தலையில் துண்டு கட்டி இருள் பிரியுமுன் வேலைக்குச் சென்றவர்கள். பெண்ணின் நிலையைத் தலையே பேசும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. இவ்வுண்மையை உள்ளத்திற்கொண்டு சிலம்பைக் கற்பிப்பது தகும்.

கடலாடு காதையில் மாதவி அணிந்த தெய்வவுத்தி, வலம்புரி, தொய்யகம், புல்லகம் முதலிய தலையணிகளை அடிகள் நிரல்படக் கூறுகின்றார். இதனை வெறும் வருணனை என்று கருதி விரைந்து கடப்பாருளர். அது பொருந்தாது.

தலைக்கோல் வேறு, தலைக்கோலம் வேறு. முன்னது தோற்ற மன்னரின் வெண்குடைக் காம்பினாற் செய்து மணி பதித்த கோல். அரங்கேற்று காதையில் மாதவி தலைக்கோற் பட்டமும் 1008 கழஞ்சு பொன்னும் பெறுகின்றாள். சோழர் கல்வெட்டுகளிலும் ஆடல்மகளிர் சிலர் ‘தலைக்கோலி’ எனப் பெயர் பெற்றிருத்தல் காணலாம். எனவே, தலைக்கோல் அரசு கலைக்கு அளித்த சிறப்பு. கடலாடு காதைத் தலைக்கோலமோ, ஊடியிருந்த கோவலன் உவக்கும்படி புனைந்தது. அவையில் தன் கலையால் உயர்ந்தவள், இல்லில் ஒருவன் முகம் நோக்கி நிற்கின்றாள். அணிகள் மிகமிக அவள் நிலையின் உறுதியின்மையே புலப்படுகின்றது.

கண்ணகியின் கூந்தல் இதற்கு மறுதலை. அந்திமாலைச் சிறப்புச்செய் காதையில் அது நெய்யணி மறந்தது. வழக்குரை காதையில் விரிந்து கிடந்தது. வணிகர் குடிப்பெருமையைக் காட்டும் அணி ஒன்றும் அதில் இல்லை. ஆயினும் அவ்விரிந்த கூந்தலின் முன்னரே பாண்டியன் வீழ்ந்தான். முடி தோற்றது, குழல் வென்றது.

இறுதியாக வரந்தரு காதை. மாதவி தன் மகள் மணிமேகலையின் கூந்தலை மாலையோடு களைந்து அறநெறியிற் புகுத்திய செய்தி அங்கு வருகின்றது. தலைக்கோலத்தாற் கட்டுண்ட வாழ்வு மகளுக்கு வேண்டா என்று தாய் செய்த முடிவு அது.

புனைந்த கூந்தல், விரிந்த கூந்தல், களைந்த கூந்தல் என்னும் இம்மூன்றையும் தொடர்ந்து நோக்கினாலன்றிக் காப்பியத்தின் கட்டுக்கோப்பு விளங்காது. அணிகளின் பெயரை மட்டும் மனனஞ்செய்யும் மாணவர் நகைப்பெட்டியைக் காண்பர், பெண்களைக் காணார்.