கருவைக் காத்த குடமும் சாபமிட்ட முனிவரும்

தஞ்சை மாவட்டத்திலே, பாபநாசத்துக்கு அருகே, திருக்கருகாவூர் என்றோர் ஊர். அங்குள்ள அம்மைக்குக் கர்ப்பரட்சாம்பிகை என்று பெயர். கருவுற்ற பெண்டிர் அங்குச் செல்கின்றனர். சுகப்பேறு வேண்டி விளக்கெண்ணெய் பெற்றுத் திரும்புகின்றனர். அவர்களை எள்ளி நகையாட இதனை எழுதவில்லை. அஞ்சும் உள்ளம் எதையேனும் பற்றிக்கொள்ளும். பற்றுவதற்குக் கொம்பு இல்லாதபோது துரும்பையும் பற்றும். நாம் ஆராய எடுத்துக்கொண்டது, அந்தத் தலத்துக்குச் சொல்லப்படும் கதையை.

கதை இதுதான். நித்துருவர் என்ற முனிவரின் துணைவி வேதிகை கருவுற்றிருந்தாள். கணவர் வெளியே சென்றிருந்த வேளையில், ஊர்த்துவபாதர் என்ற மற்றொரு முனிவர் வாயிலிலே வந்து நின்று பிச்சை கேட்டார். வேதிகையோ கருச் சுமந்த களைப்பால் சோர்ந்து கிடந்தாள். எழுந்துவந்து அன்னமிட இயலவில்லை. முனிவருக்கு வந்தது கோபம். அவர் வாயிலிருந்து வந்தது சாபம். கரு கலைந்தது. கதறினாள் வேதிகை. அம்மை அக்கருவை ஒரு குடத்திலே வைத்துக் காத்து, குழந்தையாக்கிக் கையிலே தந்தாளாம். குழந்தைக்குப் பால் வேண்டுமே! காமதேனுவே வந்து சுரந்ததாம்.

பக்தரின் பார்வை குடத்தின்மீது செல்கிறது. நம் பார்வை வாயிற்படியிலே நின்றவர்மீது செல்கிறது. வேதிகை செய்த குற்றம் யாது? பொய் சொன்னாளா? பொருளை ஒளித்தாளா? சோர்ந்திருந்தாள், அவ்வளவே! கருவுற்றவள் களைப்படைவது உடலின் இயல்பு. அந்த இயல்பையே குற்றமாக்கித் தண்டனையும் விதித்துவிட்டது கதை. தண்டித்தவருக்கோ ஒரு கண்டனச் சொல்கூட இல்லை. “ஏனய்யா சபித்தீர்?” என்று கேட்க எந்தத் தெய்வத்துக்கும் நாவெழவில்லை. கலைந்த கருவைக் காக்கும் ஆற்றல் இருந்தது. கலைக்கும் சாபத்தைத் தடுக்கும் ஆற்றல் இல்லையோ? கேடு நேரட்டும், பிறகு அருள் புரியலாம் என்பது புராணத்தின் நீதி. கேடு நேராமலே காக்கவேண்டும் என்பது பகுத்தறிவின் நீதி.

பழங்கதைதானே, விட்டுவிடுவோம் என்பீர்கள். விடலாம், முனிவர் ஊரைவிட்டுப் போயிருந்தால்! அவர் போகவில்லை. கமண்டலத்தை வைத்துவிட்டு, வருகைப் பதிவேட்டை ஏந்தி நிற்கிறார். “இன்று முடியவில்லை ஐயா, தலை சுற்றுகிறது” என்று சித்தாள் சொன்னால், “அப்படியானால் நாளை முதல் வரவேண்டாம்” என்கிறார். மராட்டியத்தின் பீட் மாவட்டத்திலே அவருக்கு முகாதம் என்று பெயர். கரும்பு வெட்ட ஆள் சேர்க்கும் ஒப்பந்தக்காரர். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் அபராதம். அந்தக் கரும்புத் தோட்டத்துப் பெண்கள் பலர் கருப்பையையே அகற்றிக்கொண்ட செய்தி 2019 இல் வெளிவந்து நாட்டை உலுக்கிற்று. வேதிகைக்குக் கருதான் போயிற்று. இவர்களுக்குக் கருப்பையே போயிற்று. எந்தக் குடம் வந்து காத்தது?

நம் நாட்டு நிலையும் நெஞ்சைச் சுடுவதே. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்து ஆய்வாளர்கள், தமிழ்நாட்டில் வேலைக்குச் செல்லும் 800 கருவுற்ற பெண்களை ஆராய்ந்து 2024 இல் முடிவை வெளியிட்டனர். வயலிலும் உப்பளத்திலும் செங்கற்சூளையிலும் மிகு வெப்பத்தில் உழைப்போர்க்குக் கருச்சிதைவும் குழந்தை இறந்து பிறத்தலும் நேரும் ஆபத்து ஏறத்தாழ இரு மடங்கு என்று அது கூறுகிறது. இங்கே சபித்தவர் முனிவரல்லர். நிழலற்ற களமும், நீரற்ற பகலும், ஓய்வற்ற வேலையும்தாம் சாபமாக வந்தன. மனிதர் அமைத்த முறையால் வந்த கேடு; எனவே மனிதர் கையாலேயே மாற்றத்தக்கது.

மாற்ற முயன்றோர் உண்டு. 1928 இல் பம்பாய்ச் சட்டமன்றத்திலே மகப்பேற்று உதவி மசோதா வந்தபோது, அண்ணல் அம்பேத்கர் அதனை ஆதரித்துப் பேசினார். பேற்றுக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு தருவது நாட்டின் நலன்; ஆகவே அதன் சுமையில் பெரும்பகுதியை அரசே ஏற்கவேண்டும் என்றார். 1929 இல் அச்சட்டம் பிறந்தது. அதே ஆண்டிலேதான் செங்கற்பட்டிலே கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்குச் சொத்திலும் தொழிலிலும் சம உரிமை வேண்டும் என்று முழங்கியது. நாடு முழுமைக்குமான மகப்பேற்று நலச் சட்டம் 1961 இல் வந்தது. 12 வார விடுப்பு 2017 இல் 26 வாரமாயிற்று. அந்த விதிகள் 2020 ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலே சேர்க்கப்பட்டு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. காமதேனுவை எதிர்பாராமல், தாயே தன் சேய்க்குப் பாலூட்ட, குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை நாளொன்றுக்கு இருமுறை இடைவேளை உண்டு. 50 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணியாற்றும் இடத்திலே குழந்தைக் காப்பகமும் உண்டு. போற்றத்தக்க பேறுகள்!

ஆனால், புராணத்தைத் துருவிப் பார்க்கும் கண், சட்டத்தையும் துருவிப் பார்க்கவேண்டாமா? கடின வேலையும் நெடுநேரம் நிற்கும் வேலையும் கருவுற்றவளுக்குத் தரலாகாது என்கிறது சட்டம். எப்போது? அவளே கேட்டுக்கொண்டால்! எத்தனை நாளுக்கு? பேறுகாலத்துக்கு முந்திய ஆறு வாரமும், அதற்கு முந்திய ஒரு மாதமும். கரு கலையும் ஆபத்து மிகுதியாயிருப்பது முதல் மூன்று மாதத்தில். சட்டத்தின் கண் திறப்பதோ கடைசிப் பத்து வாரத்தில்! அப்போதும் அவள் கேட்கவேண்டும். வாய் திறந்தால் வேலை போகும் என்று அஞ்சுகிறவள் கேட்பாளா? வேதிகையும் வாய் திறந்து காரணம் சொல்ல நேரமின்றித்தானே சாபம் பெற்றாள்!

ஐரோப்பிய நாடுகள் 1992 இல் ஒரு நெறிமுறை வகுத்தன. பணியிடத்திலே கருவுற்றவளுக்கும் பாலூட்டும் தாய்க்கும் என்ன ஆபத்து என்று முதலாளியே ஆராயவேண்டும். ஆபத்து இருப்பின் வேலை முறையை மாற்றவேண்டும். இயலாவிடின் வேறு வேலை தரவேண்டும். அதுவும் இயலாவிடின் விடுப்பு அளிக்கவேண்டும். அங்கே ஆபத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும் கடமை முதலாளியுடையது. இங்கே அதனைத் தானே சொல்லிக் கெஞ்சும் நிலை தொழிலாளியுடையது.

இன்னொரு குறையும் உண்டு. தொழிலாளர் காப்பீட்டில் சேராத இடங்களிலே 26 வாரச் சம்பளம் முழுவதும் முதலாளியின் தலையில். அந்தக் கணக்கைப் பார்க்கிறவன், பெண்ணை வேலைக்குச் சேர்க்கவே தயங்குகிறான். அம்பேத்கர் 1928 இலேயே காட்டிய வழி, அரசு பங்கேற்கும் வழி, இன்னும் முழுமையாக நடக்கப்படாத வழி.

பட்டியலில் பெயரே இல்லாதவள் நிலை என்ன? தில்லி மாநகராட்சியிலே தினக்கூலியாக உழைத்த பெண்கள் மகப்பேற்று உதவி கேட்டபோது, “நிரந்தரப் பணியாளருக்கே அது உண்டு” என்றது மாநகராட்சி. தினக்கூலிக்கும் உண்டு என்று 2000 ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டு அரசு, தன் பெண் ஊழியர்க்கு 2021 இல் 9 மாத விடுப்பை 12 மாதமாக்கியது, வரவேற்கிறோம். ஆனால் அதே கருகாவூரின் வயலிலே, சேற்றில் குனிந்து நாற்று நடுகிறவளுக்குச் சம்பளத்தோடு ஒரு நாள் விடுப்பேனும் உண்டா? அலுவலகத்தில் இருப்பவள் வயிற்றில் வளர்வதும் பிள்ளை. அவள் வயிற்றில் வளர்வது மட்டும் வேறா?

இளைஞர்களே! கோவில் வாயிலிலே நின்று, எண்ணெய் வாங்கி வரும் தாயைக் கேலி செய்வது எளிது. அது வீரமன்று, விவேகமும் அன்று. அவள் உழைக்கும் இடத்துக்குச் செல்லுங்கள். அமர நாற்காலி உண்டா, ஒதுங்க நிழலும் கழிப்பிடமும் உண்டா, பாலூட்ட இடம் உண்டா என்று பாருங்கள். சட்டம் தரும் உரிமையை எடுத்துச் சொல்லுங்கள். சட்டம் தராததைச் சங்கம் கூட்டிக் கேளுங்கள். ‘அவள் கேட்டால்’ என்ற சொல்லை நீக்கு, முதல் மாதம் முதலே காப்பு அளி, வயலுக்கும் சூளைக்கும் அதனை விரி என்று மன்றங்கள்தோறும் தீர்மானம் நிறைவேற்றுங்கள்.

களைத்திருக்கும் ஒரு தாயைப் பார்த்துச் சாபமிட எவருக்கும் நாவெழாத நாடு உருவாகட்டும். அந்நாளில் வேதிகையர்க்குக் குடம் தேவைப்படாது.