துண்டும் தெளிவும்: தோட்டத்து எழுத்து பற்றி ஒரு மதிப்பீடு

கவிதையும் நாவலும் சிறுகதையும் திறனாய்வாளர் கண்ணில் படுகின்றன. தொழிலிடத்து அறிவித்தலும் கடிதமும் சீட்டும் படுவதில்லை. ஆயினும் நுவரெலியா, அட்டன் பகுதித் தோட்டங்களில் ஒரு தொழிலாளியின் வாழ்வை மிகுதியும் தீர்மானித்த உரைநடை எதுவெனில், அது பெரட்டுக்களத்துச் சுவரில் ஒட்டப்பட்ட அறிவித்தலும் தோட்டத்துக் கந்தோரிலிருந்து வந்த கடிதமுமே. அவை நன்கு எழுதப்பட்டனவா என்ற வினா இலக்கியத்துக்குப் புறம்பானதன்று.

இவ்வினாவுக்குத் தமிழ் மரபிலேயே ஓர் அளவுகோல் உண்டு. பவணந்தி முனிவரின் நன்னூல் நூலுக்குப் பத்து அழகுகளையும் பத்துக் குற்றங்களையும் வகுக்கின்றது. சுருங்கச் சொல்லல், விளங்க வைத்தல், முறையின் வைத்தல், விழுமியது பயத்தல் என்பன அழகுகளுட் சில. குன்றக் கூறல், மிகைபடக் கூறல், மயங்க வைத்தல், நின்று பயனின்மை என்பன குற்றங்களுட் சில. நூலுக்கென வகுக்கப்பட்டனவாயினும் இவை நான்கு வரி அறிவித்தலுக்கும் பொருந்துவனவே.

தோட்ட வரலாற்றில் மிகச் சுருக்கமாகவும் ஐயத்துக்கு இடமின்றியும் எழுதப்பட்ட ஏடு எதுவென்று தேடினால், அது ‘துண்டு’ என்று பெயர் பெற்ற சீட்டாகவே இருக்கும். கங்காணி தமிழகத்திலிருந்து ஆள் திரட்டி வரும்போது முற்பணம் பெற்றார்; அது கடனாகத் தொழிலாளர் தலையில் ஏறியது. இன்ன தொகையைச் செலுத்தினால் இந்தக் கங்காணியையும் அவருடைய ஆட்களையும் விடுவிக்கச் சம்மதம் என்று துரை எழுதிக் கொடுப்பதே துண்டு. வேறொரு தோட்டத்துத் துரை அத்தொகையைக் கட்டி அவர்களை எடுத்துக்கொண்டார். கைமாறிய மனிதரின் கடனும் அவர்களுடனேயே போயிற்று. பல வேளைகளில் வளர்ந்தும் போயிற்று. இம்முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

நன்னூலின் அளவுகோலைத் துண்டின்மீது வைத்துப் பார்த்தால் ஓர் இக்கட்டு எழுகின்றது. அது சுருங்கச் சொன்னது. தொகையையும் ஆட்களையும் மயக்கமின்றிக் குறித்தது. ஆனால் அது விளங்கியது யாருக்கு? ஒரு துரை இன்னொரு துரைக்காக எழுதிய கடிதம் அது. பெயர் மட்டுமே தமிழ். யாரைக் குறித்து எழுதப்பட்டதோ அவர் அதன் வாசகர் அல்லர். ஆகவே தெளிவு என்பது எழுத்திலேயே உறையும் பண்பு அன்று. அவ்வெழுத்தால் கட்டுப்படுபவர் அதனை அறிந்து பயன்கொள்ள முடிகின்றதா என்பதே உரைகல். விழுமியது பயத்தல் என்ற அழகை ஏனைய அழகுகளிலிருந்து பிரித்துவிட்டால், சுருக்கமும் ஒழுங்கும் வலியவனின் கருவிகளாக மட்டுமே எஞ்சும்.

எழுத்து யாரிடம் இருக்கின்றது என்பதும் சிறு செய்தியன்று. 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1949இல் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தவர், 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன் தொடர்ச்சியாக இலங்கையில் வசித்தமையை நிறுவவேண்டியிருந்தது: மணமானவர் ஏழாண்டு, மணமாகாதவர் பத்தாண்டு. தலைமுறை தலைமுறையாக மலையேறிய மனிதர், தம் வாழ்வுக்குக் காகிதச் சான்று தேடி அலைந்தனர். அவர்கள் பெயர் நாள்தோறும் பதியப்பட்ட செக்ரோலோ தோட்டத்துக் கந்தோரில் இருந்தது.

1972, 1975 ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. இனி அறிவித்தல் தமிழில் வந்தால் போதும் என்று எண்ணுவோர் உளர். அது போதாது என்பதற்குப் பின்வரும் கற்பனை அறிவித்தலே சான்று. இதன் நடை மலையகத்தவர் எவருக்கும் பழக்கமானதே.

‘நிர்வாகத்தினரால் மேற்கொள்ளப்பட்ட தீர்மானத்துக்கமைய, கொழுந்தின் தரம் தொடர்பில் எதிர்வரும் காலங்களில் உரிய நடவடிக்கை எடுக்கப்படும் என இத்தால் சகலருக்கும் அறியத்தரப்படுகின்றது.’

சொற்கள் எல்லாம் தமிழே, விளங்குவது ஒன்றுமில்லை. எந்த நாள் முதல் என்பது இல்லை. இது குன்றக் கூறல். ‘இத்தால்’, ‘மேற்கொள்ளப்பட்ட’ என்பன மிகைபடக் கூறல். ‘உரிய நடவடிக்கை’ என்பது எச்சரிக்கையா, நிறையில் கிலோ வெட்டுவதா, முழுப்பேருக்குப் பதில் அரைப்பேர் போடுவதா? இது மயங்க வைத்தல். எல்லாவற்றுக்கும் மேலாக, செயப்பாட்டுவினையின் பின்னே செய்பவர் மறைந்துகொள்கிறார். எழுவாய் இல்லாத வாக்கியத்திடம் எவரும் முறையிட முடியாது.

இதனையே வேறு விதமாக எழுதலாம்:

‘முற்றிய இலை பற்றிய அறிவித்தல்.
1. வரும் திங்கட்கிழமை முதல், கொழுந்தில் முற்றிய இலை கலந்திருந்தால் கணக்கப்பிள்ளை அதை மடுவத்தில் உங்கள் முன்னிலையிலேயே பிரித்து நிறுப்பார்.
2. கழித்த கிலோவை அங்கேயே எழுதி உங்கள் கையில் தருவார்.
3. கணக்குப் பிழை என்று கருதுபவர் அன்று மாலையே கந்தோரில் பெரிய கிளாக்கரிடம் முறையிடலாம்.’

இதன் கீழே திகதியும் ஒப்பமிட்டவரின் பெயரும் பதவியும் நிற்கவேண்டும். தலைப்பு, இலக்கமிட்ட வரிசை, வரிக்கு ஒரு செய்தி என்பவற்றை வெறும் அலங்காரமாகக் கொள்ளலாகாது. நன்னூலார் முறையின் வைத்தல் என்றது இதையே. இரண்டாவது அறிவித்தல் தொழிலாளியை மட்டுமன்றி எழுதிய நிர்வாகத்தையும் கட்டுகின்றது. முதலாவது எழுதியவரைத் தவிர எல்லாரையும் கட்டுகின்றது.

பெரட்டில் வாயால் சொன்னாலே போதுமே, எழுத்து எதற்கு என்ற மறுப்பும் எழலாம். வாய்ச்சொல் விரைவில் விளங்குவது உண்மை. ஆனால் ‘சொன்னேன்’, ‘கேட்கவில்லை’ என்ற வழக்கில் வெல்வது பதவியே. எழுத்து வேண்டும்; அது வாயால் சொல்வதுபோல் இருக்கவேண்டும். 1931இல் அட்டனைத் தளமாகக் கொண்டு தொழிற்சங்கம் அமைத்த கோ. நடேசையர் இதனை அறிந்திருந்தார். அவர் பத்திரிகையும் துண்டுப்பிரசுரமும் எழுதினார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மை பாட்டெழுதி மேடையில் பாடினார். ஒருவர் வாசிக்கப் பலர் கேட்கும் சூழலுக்கென அமைந்த எழுத்து அது. உரக்க வாசிக்கும்போது இடறும் அறிவித்தல் சுவரிலும் இடறும்.

இன்று லயத்து அறைகளிலிருந்து பல்கலைக்கழகம் வந்து பட்டம் பெறுவோருட் பலர், ஆசிரியராகவும் அலுவலராகவும் மலைக்குத் திரும்புவர். அங்கே அவர்கள் எழுதப்போகும் முதல் உரைநடை பெரும்பாலும் ஓர் அறிவித்தலாகவோ கடிதமாகவோ இருக்கும். ‘இத்தால் அறியத்தரப்படுகின்றது’ என்று அவர்களும் தொடங்குவார்களாயின், துண்டு இன்னும் ஒழியவில்லை என்றே கொள்ளவேண்டும்.