பணியாளும் அடிமையும்: வெர்ஜீனியாச் சட்டங்களின் சொல்லாட்சி

அமெரிக்காவின் தென்பகுதி ஆங்கிலக் குடியேற்றங்களின் வரலாற்றைத் தமிழில் பெயர்ப்போர்க்கு இடர் தரும் சொற்களுள் முதன்மையானது ‘சர்வன்ட்’. பதினேழாம் நூற்றாண்டு வெர்ஜீனியாவில் இச்சொல் வீட்டு ஏவலரை மட்டும் குறிக்கவில்லை. கப்பற் செலவுக்கு ஈடாகப் பெரும்பாலும் நான்கு முதல் ஏழாண்டுகள் வரை புகையிலைப் பண்ணையில் உழைக்க எழுதிக்கொடுத்த ஆங்கிலேயரையும், 1619 முதல் அங்குக் கொணரப்பட்ட ஆப்பிரிக்கர் பலரையும் அது ஒருங்கே சுட்டிற்று.

இப்பொதுச்சொல்லின் பொருட்பரப்பு எவ்வாறு பிளவுற்றது என்பதை ஆவணங்களே காட்டுகின்றன. 1640இல் தப்பியோடிப் பிடிபட்ட பணியாளர் மூவருள் ஐரோப்பியர் இருவருக்குப் பணிக்காலம் நான்காண்டுகள் நீட்டிக்கப்பட்டது. ஜான் பஞ்ச் என்னும் கறுப்பருக்கோ வாழ்நாள் முழுதும் பணி விதிக்கப்பட்டது. 1661ஆம் ஆண்டுச் சட்டம், பணிக்கால நீட்டிப்பால் ஈடுசெய்ய இயலாத கறுப்பர் எனச் சிலரைக் குறிப்பிட்டது. ‘அடிமை’ என்னும் சொல் அங்கில்லை. அதன் பொருள் உண்டு. 1662ஆம் ஆண்டுச் சட்டம், தந்தைவழி நிலையைக் கொள்ளும் ஆங்கில மரபைக் கைவிட்டு, குழந்தை தாயின் நிலையையே பெறும் என்றது. 1691ஆம் ஆண்டுச் சட்டத்தில் ‘வெள்ளையர்’ என்னும் சொல் இடம்பெற்றது. 1705ஆம் ஆண்டுச் சட்டங்கள் பணியாளரையும் அடிமையரையும் வெவ்வேறு வகையினராக வரையறுத்தன. பணிக்காலம் முடித்த ஆடவர்க்குத் தானியம், பணம், துப்பாக்கி ஆகியவை உரியவாயின. அடிமையரோ அசையாச் சொத்தாயினர்.

1676இல் நிகழ்ந்த பேக்கன் கலகத்தில் பணியாளரும் அடிமையரும் இணைந்து போரிட்டனர். இத்தகைய ஒற்றுமைக்கு அஞ்சிய மேட்டுக்குடியினர் இனவேறுபாட்டை வளர்த்தனர் என்னும் கருத்து, எட்மண்ட் மார்கனின் 1975ஆம் ஆண்டு நூலால் செல்வாக்குப் பெற்றது. சட்டமொழி இதனை ஓரளவே உறுதிசெய்கிறது. ‘வெள்ளையர்’ என்னும் வகைப்பாடு கலகத்திற்குப் பிந்தியது. வாழ்நாள் அடிமை என்னும் கருத்தோ அதற்கு முந்தியது. இவ்விரண்டையும் ஒரே நிகழ்வின் விளைவாகக் கொள்வது பொருந்தாது.

மொழிபெயர்ப்பில் இவ்வேறுபாடு காக்கப்படல் வேண்டும். ‘ஒப்பந்தக் கூலி’ என்னும் தொடர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் நேட்டால், மொரீஷியஸ் முதலிய இடங்களுக்குச் சென்ற தமிழரை நினைவூட்டும். அவர்க்குக் குறைவாயினும் கூலி உண்டு. வெர்ஜீனியப் பணியாளர்க்கு உணவும் உடையும் உறையுளுமே உரியவை. ‘கொத்தடிமை’ கடன் தீரும்வரை நீளும் கட்டினைச் சுட்டும். இங்கோ காலவரையறை உண்டு. ஆதலின் ‘காலவரைப் பணியாள்’ என்பது ஏற்புடையது. நிலை தெளிவுறாத தொடக்கக்கால ஆவணங்களில் ‘பணியாள்’ என்றே நிறுத்துவது தகும்.

இதன் இன்றியமையாமைக்கு 1670ஆம் ஆண்டுச் சட்டமே சான்று. கடல்வழிக் கொணரப்படும் கிறித்தவரல்லாப் பணியாளர் வாழ்நாள் அடிமையர் ஆவர் என்பது அதன் சாரம். இரு சொற்களுக்கும் ‘அடிமை’ என்றே பெயர்ப்பின், அடிமையர் அடிமையர் ஆவர் எனப் பொருளற்றுப் போகும். மனிதரை ஒரு நிலையிலிருந்து மற்றொன்றுக்குத் தள்ளிய சட்டத்தின் செயல், பெயர்ப்பில் சுவடின்றி மறைந்துவிடும்.